வெள்ளவத்தைப் பிள்ளை இண்டைக்கும் பார்த்திருக்கு

திருமண இணையத்தளம் ஒன்றில் எனக்கு வேலை கிடைத்தபோது அம்மா பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தார். சம்பளத்துக்காக அல்ல. “மாப்பிள்ளையள் எல்லாம் இனி உன்ர கையாலதானே போகவேணும்” என்றார். எனக்கு அப்போது முப்பது தாண்டியிருந்தது. யாழ்ப்பாணத்துப் பாதை பூட்டப்பட்டு, யுத்தம் மறுபடியும் தொடங்கியிருந்த காலம். வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில், வாடகை அறையில் நானும் அம்மாவும் இருந்தோம். அப்பா முன்னமே காலமாகிவிட்டார். எங்களை யாராவது வெளிநாட்டுக்குக் கூப்பிட வேண்டுமென்றால் அது ஒரு மாப்பிள்ளையாகத்தான் இருக்க முடியும் என்பது அம்மாவின் கணக்கு.

தளத்தின் சொந்தக்காரர் லண்டனில் இருந்தார். கொழும்பு வேலையைப் பார்த்தது காலி வீதியில் இருந்த ஒரு கொமியூனிக்கேசன் கடை. கீழே தொலைபேசிக் கூண்டுகளும் போட்டோக்கொப்பி மெசினும். மேலே கொம்பியூட்டர்களோடு நான். பெற்றோர் சாதகக் குறிப்பும் படமும் கொண்டுவருவார்கள். நான் படத்தை ஸ்கேன் செய்து, விபரத்தைத் தட்டி, ஒவ்வொருவருக்கும் ஒரு பதிவு இலக்கம் கொடுத்துப் பக்கம் போடுவேன். லொட்ஜுகளில் விசாவுக்குக் காத்திருந்த தாய் தகப்பன்மார் பகல் முழுதும் என் மேசையைச் சுற்றி உட்கார்ந்து, “பெடியன் குடிக்கமாட்டான் எண்டு கொஞ்சம் பெரிய எழுத்தில போடுங்கோ பிள்ளை” என்பார்கள். அதைப் பெரிய எழுத்தில் போட்டால்தான் சந்தேகம் வரும் என்று நான் சொல்வேன். கேட்கமாட்டார்கள்.

தளத்தைக் கட்டியவர் லண்டன்காரரின் கூட்டாளியான ஒரு பொறியியலாளர். கொழும்பில் பக்கங்கள் ஒழுங்காகத் திறக்கின்றனவா என்று அறிய அவர் ஒரு ஸ்கிரிப்டை, அதாவது பக்கத்துக்குப் பின்னால் கண்ணுக்குத் தெரியாமல் ஓடும் சில வரிகளை, எழுதி வைத்திருந்தார். யார் எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் அது குறித்துவைக்கும். அத்தோடு நில்லாமல், பக்கத்துக்கு உரியவருக்கு ‘இன்ன இலக்கக்காரர் உங்களைப் பார்வையிட்டார்’ என்று ஒரு மின்னஞ்சலும் அனுப்பும். சோதனைக் காலம் முடிந்ததும் அதை எடுத்துவிடுவதாகத்தான் ஏற்பாடு. மனிதர் வேறு வேலை கிடைத்துப் போய்விட்டார். கலியாணப் பந்தலைக் கழற்றிக்கொண்டு போன பிறகும் மரத்தில் ஒரு துண்டுக் கயிறு தொங்குமே, அதுபோல ஸ்கிரிப்ட் தங்கிவிட்டது. அது தங்கியிருந்ததும் அதன் குணமும் எனக்குப் பிறகுதான் தெரியவந்தன. தளத்தில் ஏதாவது மாற்றம் செய்தால், எல்லா விபரமும் நிறைந்த ஒரு பக்கத்தைத் திறந்து சரிபார்க்க வேண்டும் என்பது மட்டுமே அவர் எனக்குச் சொல்லிவைத்த முறை.

அப்படிச் சரிபார்க்க நான் தெரிவுசெய்தது நோர்வேயில் இருந்த ஒருவரின் பக்கம். நேர்மையாகத்தான் தெரிவுசெய்தேன் என்று இன்றைக்கும் சொல்வேன். மற்றவர்களின் பக்கங்களில் பாதி இடம் வெறுமையாகக் கிடக்கும். இவருடையதில் நட்சத்திரம், பாதம், படிப்பு, உயரம், தாய் தகப்பன் ஊர், எல்லாம் இருந்தது. படமும் பெரியது. பனியில், ஒரு பக்கக் கொலர் உள்ளே மடிந்தது தெரியாமல் நின்றார். ‘பிற விபரம்’ என்ற இடத்தில் எல்லோரும் ‘நற்குணமுள்ள, குடும்பப்பாங்கான’ என்று எழுதும்போது, இவர் ‘சமைக்கத் தெரியும். பாத்திரம் கழுவவும் தெரியும்’ என்று எழுதியிருந்தார். அது எந்தப் பெரியம்மாவும் எழுதிக்கொடுத்த வசனம் அல்ல.

முழு விபரத்தையும் பார்க்கப் பதிவுசெய்த ஒருவராக உள்ளே போக வேண்டும். ஊழியருக்குக் கட்டணம் இல்லை என்று கேள்விப்பட்ட அன்றே அம்மா என்னையும் தளத்தில் பதியவைத்திருந்தார். நான் அந்த இலக்கத்தாலேயே உள்ளே போய் வந்தேன். சோதனைக்கென்று வேறொரு பொய் இலக்கம் போட்டிருக்கலாம். சொந்தக் கதவு திறந்திருக்க எதற்கு இன்னொரு திறப்பு என்று நினைத்தது என் விசர்த்தனம்.

முதலில் மாற்றம் செய்த நாட்களில் திறந்தேன். பிறகு, மாற்றம் செய்யாத நாட்களிலும் நேற்றுச் செய்த மாற்றம் சரியாக நிற்கிறதா என்று திறந்தேன். பிறகு சாப்பாட்டு நேரத்தில், பார்சலைப் பிரித்து வைத்துக்கொண்டு, எந்தச் சாட்டும் இல்லாமல் திறந்தேன். அந்தக் கொலரை இழுத்துவிட யாரும் இல்லையே என்று யோசித்துக்கொண்டு சாப்பிடுவேன். பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகம் இருண்டுவிடும் என்று நினைக்குமாம். நான் கண்ணைத் திறந்துகொண்டே அப்படி நினைத்தேன்.

இதற்கிடையில் அவருடைய பக்கத்து ஆட்கள் என் குறிப்பைக் கேட்டார்கள். அவருக்காகக் கொழும்பில் பேசியது கொட்டாஞ்சேனையில் இருந்த அவருடைய பெரியம்மா. பொருத்தம் பார்த்ததில் எழுபது வீதம் பொருந்தியிருக்கிறது என்று சொல்லி அனுப்பினார். அம்மா அன்று முழுதும் என்னோடு மெல்லிய குரலில் கதைத்தார், சத்தமாகக் கதைத்தால் கண்ணூறு பட்டுவிடும் என்பதுபோல. நான் ஒன்றும் அறியாதவள் மாதிரி, “ஆர் ஆள்?” என்று கேட்டேன். அம்மா நட்சத்திரம் சொன்னார். பாதத்தை நான் வாய்தவறிச் சொல்லிவிடாமல் இருக்கப் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பெரியம்மா எங்கள் அறைக்கு வந்தார். பழமும் பிஸ்கற் பெட்டியும் கொண்டுவந்தபடியால் நல்ல செய்தி என்றே எண்ணினோம். தேநீரைக் குடித்து, வெயிலைப் பற்றியும் முந்தின நாள் விடிய நடந்த ஆமிச் சுற்றிவளைப்பைப் பற்றியும் கதைத்துவிட்டு, கோப்பையைக் கீழே வைத்தார்.

“குறை நினைக்காதையுங்கோ அக்கா,” என்று அம்மாவிடம் தொடங்கினார். “உங்கட பிள்ளை எங்கட தம்பியின்ர பக்கத்தை ஒவ்வொரு நாளும் பார்க்கிறா. தொடர்புக்கு எண்டு என்ர ஈமெயிலைத்தான் குடுத்திருக்கு, அது எனக்குத்தான் வரும். எனக்கு அது பார்க்கத் தெரியாது. கொட்டாஞ்சேனைச் சந்தியில கொமியூனிக்கேசன் வைச்சிருக்கிற ஐயாதான் வாசிச்சுச் சொல்லுறவர். நான் கடைக்குள்ள கால் வைக்க முதலே, ‘அம்மா, வெள்ளவத்தைப் பிள்ளை இண்டைக்கும் பார்த்திருக்கு’ எண்டு சொல்லுறார். ஃபோன் எடுக்க நிக்கிற சனமெல்லாம் சிரிக்குது.”

நான் அறையின் மூலையில் நின்றேன். நான் ஒருநாளும் கால் வைத்திராத ஒரு கடையில், முகம் தெரியாத சனம் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தது. எத்தனை நாளாக என்றுகூட எனக்குத் தெரியவில்லை. நான் கொலரை நினைத்துச் சோறு தின்ற ஒவ்வொரு மத்தியானமும் அங்கே சத்தமாக வாசிக்கப்பட்டிருந்தது.

“நோர்வேயில தாய் பயப்படுறா,” பெரியம்மா தொடர்ந்தார். “பொம்பிளைப்பிள்ளை இவ்வளவு அந்தரப்பட்டால் ஏதும் காரணம் இருக்கும் எண்டு யோசிக்கிறா. கொழும்பில ஏதும் பிரச்சினையில மாட்டியிருக்கோ, பொலிஸ் தேடுதோ, அல்லது வேற என்னவுமோ எண்டு. காலம் அப்பிடித்தானே அக்கா.”

பெண்பிள்ளையின் மானத்தைத் தொடும் அந்த ‘வேற என்னவுமோ’ என்னவென்று அறையில் இருந்த மூன்று பெண்களுக்கும் தெரியும். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. அம்மாதான் பதில் சொன்னார்.

“அவள் அந்தத் தளத்திலதான் வேலை செய்யிறாள். திறந்து பார்க்கிறது அவளின்ர வேலை. உங்கட தம்பியைத்தான் எண்டில்லை, எல்லாரையும் பார்க்கத்தான் வேணும்.”

“ஓம், வேலை எண்டு நானும் சொன்னனான்,” என்றார் பெரியம்மா. “ஆனா எல்லாரையும் பார்க்கிறாவோ எண்டு விசாரிச்சம். எங்களுக்குத் தெரிஞ்ச வேற பெடியன்மார் ரெண்டு மூண்டு பேரும் அதில இருக்கினம். அவைக்கு இப்பிடி வரேல்லையாம்.”

போகும்போது என் கன்னத்தைத் தடவிவிட்டுப் போனார். இரண்டு வார்த்தை ஏசியிருந்தாலும் தாங்கியிருப்பேன். பிஸ்கற் பெட்டியை நாங்கள் உடைக்கவில்லை. அம்மா அதை வீட்டுக்காரருக்குக் கொடுத்துவிட்டார். என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. கேட்காதது எனக்கு நிம்மதியாக இருந்தது, அந்த நிம்மதிக்கும் சேர்த்து வெட்கப்பட்டேன்.

உலைவாயை மூடினாலும் ஊர்வாயை மூடமுடியாது. கொட்டாஞ்சேனைக்கும் வெள்ளவத்தைக்கும் இடையில் எத்தனை தடை முகாம் இருந்தாலும் இந்தக் கதைக்கு எவரும் அடையாள அட்டை கேட்கவில்லை. வெள்ளிக்கிழமை கோயிலில், செருப்புக் கழற்றும் இடத்தில் இரண்டு பெண்கள் என்னைக் கண்டு கதையை நிறுத்தினார்கள். அவர்கள் புடவை விலையைத்தான் கதைத்திருக்கவும் கூடும். நான் கும்பிடாமலே திரும்பி வந்தேன்.

வேலைக்குப் போகிற வழியில் செக் பொயின்றில் தினமும் பையைக் கவிழ்ப்பார்கள். ஒருமுறை பெண் பொலிஸ்காரி, நான் காகிதத்தில் சுற்றி வைத்திருந்த மாதவிடாய்ப் பக்கற்றைப் பிரித்து எல்லோருக்கும் தெரிய மேசையில் வைத்தாள். அன்றைக்கும் கூசிப்போனேன். ஆனால் எனக்கு முன்னால் நின்றவளுக்கும் பின்னால் நின்றவளுக்கும் அதுதான் நடந்தது. ஒருவரை ஒருவர் பார்த்து முகத்தைச் சுளித்துக்கொண்டு பஸ் ஏறினோம். எல்லோருக்கும் பொதுவாக வருவதைத் தாங்கலாம். பெரியம்மா வந்துபோன கிழமை அங்கே நின்ற ஆமிக்காரன், “மொன வெடத கரன்னே?” என்று, என்ன வேலை செய்கிறாய் என்று கேட்டான். கொம்பியூட்டர் வேலை என்றேன். அவன் தலையாட்டி விட்டுவிட்டான். எனக்கோ பொய் சொல்லி அகப்பட்டதுபோல முகம் கொதித்தது.

அந்த நிலையில்தான் லண்டனில் இருந்து தகவல் வந்தது. கீழே கடையை நடத்திய அண்ணை மேலே ஏறிவந்து என் பக்கத்துக் கதிரையில் உட்கார்ந்தார்.

“தங்கச்சி, அங்க ஒரு பொம்பிளை லோயரிட்டப் போயிட்டாவாம். தான் ஆரைப் பார்த்தது எண்டு எப்பிடி மற்றப் பகுதிக்குத் தெரிஞ்சது எண்டு கேக்கிறாவாம். அந்த நாட்டில சட்டம் இருக்காம். ஆக்களிட்டக் கேக்காமல், அவை என்ன பார்க்கினம் எண்டு எழுதி வைக்கக் கூடாதாம். பழைய சோதனை ஸ்கிரிப்ட் ஒண்டு உள்ளுக்க கிடக்காம். அதை எல்லாப் பக்கத்திலையும் இருந்து எடுக்கட்டாம். இதுவரைக்கும் அது எழுதி வைச்சதையும் அழிக்கட்டாம். இனி என்ன எழுதுவம், என்ன எழுதமாட்டம் எண்டு ஒரு அறிவித்தலும் போடட்டாம்.”

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “இஞ்ச வீட்டில எத்தினை பேர் படுக்கிறம் எண்டு பொலிசில பதிஞ்சு, அதில ஒரு கொப்பியைக் கதவுக்குப் பின்னால ஒட்டி வைச்சிருக்கிறம். அங்க ஒருத்தி ஆரின்ர படத்தைப் பார்த்தவ எண்டு எழுதப்படாதாம்.”

நானும் சிரித்தேன். சிரித்து முடிந்த பிறகு அந்த லண்டன் பெண்ணைப் பற்றி யோசிக்கத் தொடங்கினேன். அவளுக்கும் ஒரு பெரியம்மா வந்து தேநீர் குடித்துவிட்டுச் சொல்லியிருப்பார். அவளுடைய முகமும் கொதித்திருக்கும். ஆனால் அவள் கோபப்பட்டிருக்கிறாள். இது கோபப்படக்கூடிய விசயம் என்று எனக்கு ஒரு நிமிடமும் தோன்றவில்லை. என்னைக் கேட்காமல் என்னை எழுதி வைத்தார்கள், என்னைக் கேட்காமல் அனுப்பினார்கள் என்று வாயில் வரவில்லை. அகப்பட்டுவிட்டேன் என்றுதான் வந்தது. பதிவதற்கும் காட்டுவதற்கும் திறப்பதற்கும் பழகிப்போன ஒருத்திக்கு, தனக்கென்று மூடிவைக்க ஏதாவது இருந்தால் அதுவே குற்றம் போலத் தெரியும் போலிருக்கிறது.

அறிவித்தலை நான்தான் தமிழில் எழுதினேன். ‘உங்கள் அந்தரங்கம்’ என்று தலைப்புப் போட்டேன். அண்ணை பதறிப்போனார். “அந்தரங்கம் எண்டு போடாதையுங்கோ தங்கச்சி. சனம் இது வேற மாதிரித் தளம் எண்டு நினைக்கும்.” கடைசியில் ‘உங்களைப் பற்றி நாங்கள் அறிபவை’ என்று வைத்தோம். எழுதி முடித்து வாசித்துப் பார்த்தபோது அது மரியாதையாக இருந்தது. அப்படி மரியாதையாக என்னிடம் யாரும் எதையும் கேட்டதில்லை.

ஸ்கிரிப்டை எடுப்பது நினைத்ததைவிடப் பெரிய வேலையாகிவிட்டது. புதுப் பக்கம் போடும்போதெல்லாம் பழைய பக்கம் ஒன்றைக் கொப்பி பண்ணி மேலே எழுதுவதுதான் என் வழக்கம். அதனால் அந்த வரிகள் எல்லா இடமும் பரவியிருந்தன. பரப்பியவள் நான்தான். ஒவ்வொன்றாகத் திறந்து வெட்டினேன். பிறகு அது எழுதி வைத்ததை அழிக்கப் போனேன். பார்க்காமல் அழித்தேன் என்று எழுத ஆசைதான். பார்த்தேன். பக்கத்து ஒழுங்கை ரீச்சர், மனைவி இறந்த ஒருவரின் பக்கத்தைத் திரும்பத் திரும்பத் திறந்திருந்தார். சீதனம் பற்றி என் மேசையில் அடித்துப் பேசிய ஒரு தகப்பன், மகளுடைய இலக்கத்தால் விடிய எழும்பி ஒவ்வொரு பெடியனாகப் பார்த்திருந்தார். எல்லோரும் அவரவர் வெட்கத்தைப் பொத்திக்கொண்டு இருந்திருக்கிறார்கள். அதனால்தான் கொழும்பில் ஒருவரும் முறைப்பாடு சொல்லவில்லை.

என்னுடையதும் இருந்தது. மாற்றம் செய்த நாட்கள் எவை என்று எனக்குத் தெரியும். மற்றவை அவற்றைவிடப் பல மடங்கு. தளத்தில் வேலையே நடக்காத, பௌர்ணமி விடுமுறையான போயா நாளில்கூட, எதையோ மறந்துவிட்டேன் என்று கடைக்குப் போய்த் திறந்திருக்கிறேன். வேலைக்காகத்தான் பார்த்தேன் என்பதை நம்ப விரும்புகிறவருக்கும் அதைப் பார்த்தால் நம்ப முடியாது.

அண்ணை என் முதுகுக்குப் பின்னால் நின்றார். “உங்கட இலக்கத்தை முதல் அழிச்சுவிடுங்கோ,” என்றார். “நான் ஒண்டும் பார்க்கேல்லை.” அப்படிச் சொன்னதிலிருந்தே எல்லாவற்றையும் பார்த்துவிட்டார் என்று விளங்கியது. நல்ல மனிதர். அதற்குப் பிறகு அவருடைய முகத்தைப் பார்த்துச் சம்பளம் வாங்க எனக்குக் கனகாலம் எடுத்தது.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் விசயத்தைச் சொன்னேன். பழைய சோதனை ஸ்கிரிப்ட் தவறுதலாக உள்ளே கிடந்தது, அது அனுப்பிய மின்னஞ்சல்களுக்கு ஒரு பெறுமதியும் இல்லை, லண்டன்காரரே பிழை என்று ஒத்துக்கொண்டு எடுக்கச் சொல்லிவிட்டார் என்றேன். ஒவ்வொரு வசனமும் உண்மை. எல்லாம் சேர்ந்து பொய்யாக இருந்தது. அம்மா கவனமாகக் கேட்டுக்கொண்டு கீரை ஆய்ந்தார்.

மறுநாள் வேலை முடிந்து வந்தால் அம்மா அறையில் இல்லை. சோறும் பருப்பும் மூடி வைக்கப்பட்டிருந்தன. கோயிலுக்குக் கட்டும் சேலையைக் கொடியில் காணவில்லை. அம்மா வெள்ளவத்தையை விட்டுத் தனியாக எங்கும் போவதில்லை. சிங்களம் நாலு சொல்தான் தெரியும். கோட்டையில் பஸ் மாற வேண்டுமே, செக் பொயின்றில் ஏதாவது கேட்டால் என்ன சொல்வார், மறித்து வைத்துவிட்டால் எந்தப் பொலிசுக்குப் போய்க் கேட்பது என்று நான் கதவுக்கும் ஒழுங்கைச் சந்திக்குமாக நடந்தேன். பொழுதுபடுகிற நேரத்தில், செருப்பு அறுந்து, அதைக் கையில் பிடித்துக்கொண்டு அம்மா வந்தார்.

“எங்கை போனனீங்கள்?”

“கொட்டாஞ்சேனைக்கு.” கட்டிலில் உட்கார்ந்து தண்ணீர் வாங்கிக் குடித்தார். “அந்த மனிசியைக் கண்டு கதைச்சனான். கொம்பனியே பிழை எண்டு சொல்லிப்போட்டுது, என்ர பிள்ளை வேலைக்குத்தான் பார்த்தவள் எண்டு சொன்னனான். அந்தக் கடைக்கும் போனனான். வாசிக்கிற ஐயாவுக்கும் சொல்லிப்போட்டு வந்தனான், சனத்துக்கு முன்னால.”

சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, அந்தக் கடை வாசலில் வெறுங்காலோடு நின்று கதைத்திருப்பார். அந்தக் காட்சியை நினைக்க முடியாமல் நான் தலை குனிந்தேன்.

“என்ன சொன்னவை?”

“நம்பினம் எண்டுதான் சொன்னவை. சரிவராது பிள்ளை. பெடியனுக்கு வேற இடம் பேசி முடிச்சிட்டினமாம். அது போகட்டும். உன்ர பேருக்கு ஒண்டும் வரப்படாது. அதுக்குத்தான் போனனான். பிள்ளையின்ர தலையில சத்தியம் பண்ணச் சொன்னவ. பண்ணிப்போட்டு வந்தனான்.”

பிள்ளையின் தலையில் அடித்துச் செய்கிற சத்தியத்தை எங்கள் ஆட்கள் விளையாட்டாக எடுப்பதில்லை. பொய்யென்றால் அந்தத் தலைக்குத்தான் வரும். நோர்வேக்காரர் போனது அந்த நேரத்தில் எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. அம்மாவைப் பொய்ச்சத்தியம் பண்ணவைத்துவிட்டேன் என்பதுதான் பெரிதாக இருந்தது. மறைத்து வைக்க இனி எனக்குத் தென்பில்லை.

“அம்மா, நான் வேலைக்காக மட்டும் பார்க்கேல்லை.”

“தெரியும்.”

“எப்பிடித் தெரியும்?”

“வேலையால வரேக்க உன்ர முகம் கொஞ்ச நாளாச் சந்தோசமா இருந்தது. சம்பளமும் கூட்டேல்லை, பாதையும் திறக்கேல்லை. வேற என்ன காரணம் இருக்கப்போகுது?”

“தெரிஞ்சுகொண்டு ஏன் சத்தியம் பண்ணினனீங்கள்?”

அம்மா அறுந்த செருப்பின் வாரைக் கட்டிலில் வைத்துப் பொருத்திப் பார்த்துக்கொண்டிருந்தார். என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை.

“பிள்ளையின்ர தலையில அடிச்சுச் சொல்லுங்கோ எண்டுதான் அவ கேட்டவ. பிள்ளை இஞ்ச இல்லையே எண்டு சொல்லி, நான் என்ர தலையில கையை வைச்சனான்.”

அதற்குப் பிறகு அம்மா உயிரோடு இருந்த காலம் முழுதும், சாதாரணமாகத் தலையிடிக்கிறது என்று அவர் சொன்னாலும், நான் பயந்துகொண்டுதான் குளிசை எடுத்துக் கொடுத்தேன்.